விழுந்த பிறகு தொடங்கும் ஆட்டம்



ஸ்பாஞ்ச்பாபும் நிஞ்சா ஆமைகளும் ஒரே மேடையில் மோதிக்கொள்ளும் ஆட்டங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெவ்வேறு கார்ட்டூன் தொடர்களின் பாத்திரங்களை ஓரிடத்தில் கூட்டி, அந்தரத்தில் தொங்கும் ஒரு மேடைமீது நிறுத்தி, ஒருவரை ஒருவர் கீழே தள்ளவிடும் ஆட்டங்கள் இவை. ஆடுகிறவர்கள் இந்த வகையை பிளாட்ஃபார்ம் ஃபைட்டர் என்பார்கள். கார்ட்டூன் என்றதும் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆடத் தொடங்குகிறவர்களோ, எந்த பட்டனுக்கு எந்த அடி என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதோடு படிப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன். இந்த ஆட்டத்தின் நுட்பங்கள் கார்ட்டூன் ஓவியர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து வைத்த விதிகளிலிருந்து வந்தவை. அந்த விதிகளைப் பார்க்கத் தெரிந்த கண்தான் ஆட்டத்தைக் கற்கிறது. விரல் அதன் பின்னால் வருகிறது.

பட்டியல் எவ்வளவு சிறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிக்கலோடியன் ஆல்-ஸ்டார் பிரால் என்ற ஆட்டம் 2021 அக்டோபரில் வெளிவந்தது. சுவீடனின் லூடோசிட்டியும் கோஸ்டாரிகாவின் ஃபேர் பிளே லேப்ஸும் சேர்ந்து செய்தது. வெளிவந்தபோது இருபது பாத்திரங்கள். தாக்குவதற்கு மூன்று பட்டன்கள்: லேசான அடி, பலத்த அடி, அந்தப் பாத்திரத்துக்கே உரிய தனி வித்தை. மூன்றையும் நேராகவோ, மேல்நோக்கியோ, கீழ்நோக்கியோ செலுத்தலாம். தரையில் ஒரு மாதிரி, காற்றில் ஒரு மாதிரி. இதோடு தடுக்க ஒன்று, பிடிக்க ஒன்று, தாவ ஒன்று. ஒரு மாலைப் பொழுதில் இதை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தால், கொஞ்ச காலம் ஆடிப் பழகியவரிடம் ஒரு அடிகூட வைக்க முடியாமல் தோற்பார்கள். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்பதுதான் என் பேச்சு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1990களின் ஆர்கேட் கூடங்களில் சண்டை ஆட்டம் என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் போன்றவை. திரையின் மேலே ஆளுக்கொரு உயிர்ப்பட்டை இருக்கும். அடி விழ விழ அது குறையும். தீர்ந்தால் ஆள் காலி. ஜப்பானின் ஹால் ஆய்வகத்தில் வேலை பார்த்த மசஹிரோ சகுராய், ஒரு கூடத்தில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95 ஆடி எதிராளியைத் துவம்சம் செய்திருக்கிறார். பிறகு பார்த்தால், எதிர்ப்பக்கம் இருந்தது ஆட்டத்துக்கே புதிதான ஓர் ஆணும் பெண்ணும். அது தன் மனதை உறுத்தியதென்று அவரே சொல்லியிருக்கிறார். நீளமான பட்டன் வரிசைகளை நெட்டுருப் போட்டவன் போடாதவனை நசுக்கும் ஆட்டமாக இல்லாமல், அந்தந்தக் கணத்தில் சமயோசிதமாக ஆடுகிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவர் எண்ணினார். பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டா நிரல் எழுதிக்கொடுக்க, இருவரும் ஒரு முன்மாதிரியைச் செய்தார்கள். அதில் முதலில் மாரியோவும் இல்லை, பிக்காச்சுவும் இல்லை; முகமில்லாத உருவங்கள் மட்டும். பாத்திரங்கள் பிறகுதான் வந்தார்கள். 1999 ஜனவரி 21 அன்று ஜப்பானில் நின்டெண்டோ 64 கருவிக்கு சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற பெயரில் அது வெளிவந்தது. பன்னிரண்டு பேர்.

அதில் சகுராய் செய்த மாற்றம் ஒரே வரியில் அடங்கும். உயிர்ப்பட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சதவீத எண்ணை வைத்தார். அடி வாங்க வாங்க அந்த எண் ஏறும். எண் எவ்வளவு ஏறினாலும் அதனால் யாரும் சாவதில்லை. எண் கூடியவன் அடுத்த அடிக்கு இன்னும் தூரம் பறப்பான், அவ்வளவுதான். பறந்து திரையின் எல்லையைத் தாண்டினால்தான் ஓர் உயிர் போகும். எல்லைக்குள் எங்காவது நின்று, மேடைக்குத் திரும்பிவிட்டால் ஆட்டம் தொடரும். ஆகவே 20 சதவீதத்தில் இருப்பவன் அலட்சியமாக விழுந்து தோற்கலாம். 150 சதவீதத்தில் இருப்பவன் திரும்பத் திரும்ப மேடை ஏறி ஜெயிக்கலாம்.

அனிமேஷன் மாணவர்களுக்கு இந்த விதி எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சக் ஜோன்ஸின் கயோட்டி 1949இல் முதல்முறை ரோட் ரன்னரைத் துரத்தியது. அன்று முதல் அது எத்தனை பாறை இடுக்குகளில் விழுந்திருக்கிறது! அடுத்த காட்சியில் புதிய திட்டத்தோடு எழுந்து வந்துவிடும். ஹன்னாவும் பார்பெராவும் 1940இல் தொடங்கிய பூனை எலித் துரத்தலிலும் அப்படித்தான். வாணலியின் வடிவத்துக்கு டாம் என்ற அந்தப் பூனையின் முகம் நசுங்கும், மறுகணம் சரியாகிவிடும். கார்ட்டூனில் அடி ஆளைக் கொல்வதில்லை, ஆளைத் தூக்கி எறிகிறது. சகுராய் கார்ட்டூன் ஆட்டம் செய்யப் புறப்பட்டவர் அல்லர். ஆனால் அவர் வகுத்த விதி கார்ட்டூன் உலகத்தின் விதியாகவே அமைந்துவிட்டது. பின்னாளில் 2011இல் கார்ட்டூன் நெட்வொர்க் பாத்திரங்களும், 2021இல் நிக்கலோடியன் பாத்திரங்களும், 2022இல் மல்டிவெர்சஸ் என்ற ஆட்டத்தின் வழியாக வார்னர் பிரதர்ஸ் பாத்திரங்களும் இந்த வகைக்குள் வந்தபோது அவர்கள் அந்நியர்களாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது கண்ணைப் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்.

டிஸ்னியின் மூத்த ஓவியர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் அனிமேஷனின் பன்னிரண்டு அடிப்படைகளைத் தொகுத்தார்கள். உங்கள் முதலாண்டுப் பாடத்தில் இருக்கும். அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு செயலுக்கு முன் உடல் எதிர்த்திசையில் ஒடுங்குவது ஒன்று: குத்துவதற்கு முன் கை பின்னால் போகும், தாவுவதற்கு முன் முழங்கால் மடங்கும். செயல் முடிந்தபின் அதன் வேகம் உடலில் மிச்சமிருந்து தணிவது மற்றொன்று: குத்து முடிந்தாலும் தோள் முன்னால் போகும், வால் தாமதமாக வந்து சேரும். முந்தியதை ஓங்கல் என்றும் பிந்தியதை அடங்கல் என்றும் வைத்துக்கொள்வோம்.

ஆட்டத்தில் ஒவ்வொரு அடியும் இவ்விரண்டும் நடுவில் ஒன்றும் சேர்ந்து மூன்று பகுதியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது: ஓங்கல், அடி படக்கூடிய நேரம், அடங்கல். மூன்றையும் ஃபிரேம் கணக்கில் அளப்பார்கள். திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது; ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. ஓங்கல் நேரத்தில் அடி இன்னும் பிறக்கவில்லை. அடங்கல் நேரத்தில் அடித்தவன் வேறு எதுவும் செய்ய முடியாமல் சிறைப்பட்டிருக்கிறான். தடுக்க முடியாது, தாவ முடியாது.

இங்கே ஓவியருக்கும் ஆட்டம் செய்கிறவருக்கும் ஒரு மோதல் உண்டு. திரைப்படக் கார்ட்டூனில் ஓங்கலுக்கு வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம், பார்வையாளர் காத்திருப்பார். ஆட்டத்தில் பட்டனை அழுத்தியதும் அடி வந்தாக வேண்டும், இல்லையேல் கை கட்டிப்போட்டது போலிருக்கும். ஆகவே ஓங்கலைச் சுருக்குகிறார்கள். சுருக்கியதற்கு ஈடாக, ஓங்கும் ஒன்றிரண்டு படங்களைப் பிசகில்லாத, பார்த்ததும் அடையாளம் தெரிகிற தோற்றங்களாக வரைகிறார்கள். அடங்கலை நீட்டுகிறார்கள். நிக்கலோடியன் ஆட்டத்தில் பல அடிகள் அந்தந்தத் தொடரில் ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் தோற்றங்களிலிருந்தே எடுக்கப்பட்டன. பழைய ரசிகர்களுக்கு அது ஒரு விருந்து. அதைவிடப் பெரிய பயன், நிழலாகப் பார்த்தாலும் எந்த அடி வருகிறது என்று தெரிந்துவிடுகிறது.

எதிரில் தெரிவதைக் கண்டு கை அசைய மனிதருக்குச் சுமாராகக் கால் நொடி ஆகும். அதாவது 15 ஃபிரேம். லேசான அடிகள் பலவற்றின் ஓங்கல் அதைவிடக் குறைவு. அவற்றைப் பார்த்துத் தடுக்கவே முடியாது. எவ்வளவு பழகினாலும் முடியாது. இந்த உண்மையை ஏற்றுக்கொள்கிற நாளில்தான் ஒருவர் கற்கத் தொடங்குகிறார். ஓங்கலைப் பார்த்துத் தப்பிக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு, அடங்கலைப் பார்க்கத் தொடங்குகிறார். எதிராளியின் எந்த அடி காற்றில் வீணானது? அதன் மிச்ச வேகம் அவரை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது? அந்த நேரத்துக்குள் என்னால் எட்டிப்போய் ஓர் அடி வைக்க முடியுமா? புதிதாக ஆடுகிறவரின் கண் தன் பாத்திரத்தின்மீதே இருக்கும். கொஞ்சம் தேறியவரின் கண் எதிராளிமீது இருக்கும். எனக்குத் தெரிந்த நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் தங்கள் பாத்திரத்தை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

நிக்கலோடியன் ஆட்டத்தில் அவதார் தொடர்களின் ஆங்கும் கோராவும் டாஃபும் இருக்கிறார்கள். அவதார் தொடரில் நான்கு பூதங்களை ஆளும் அசைவுகள் உண்மையான சீனத் தற்காப்புக் கலைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அதற்கென்றே ஒரு குருவை வைத்து அந்தத் தொடரைச் செய்தார்கள். ஆங்கின் காற்று அசைவுகள் வட்டமாகச் சுழலும் பாகுவா முறை. டாஃப் கண் தெரியாதவள். கால்வழி நிலத்தை உணர்கிறவள். அவளுக்குத் தெற்கத்திய மாண்டிஸ் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்திலேயே பேட்ரிக் என்ற நட்சத்திர மீன், ஒரே சதைப்பிண்டமாக நிற்கிறான். இவர்கள் எல்லோரின் உடல் மொழியும் ஒரே ஆட்டத்தில் ஒரே வேகத்தில் படிக்கப்பட வேண்டும். இப்படிப்பட்ட பயிற்சியை ஒரே பாணியில் வரைந்த பாத்திரங்களைக் கொண்ட ஆட்டம் கொடுக்காது. பல ஓவியர்களின் கை ஒரே மேடையில் சேர்வது இந்த ஆட்டங்களின் தனிச் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

ஒரே ஒரு அடியை மிக அருகில் வைத்துப் பார்ப்போம். பேட்ரிக் பலத்த அடிக்கு ஓங்குகிறான். ஸ்பாஞ்ச்பாப் விலகத் தவறிவிட்டான். அடி பட்ட கணத்தில் இருவரும் அப்படியே உறைகிறார்கள். சில ஃபிரேம்கள்தான், அடித்தவனும் அசைவதில்லை, பட்டவனும் அசைவதில்லை. இதை ஹிட்ஸ்டாப் என்பார்கள். சகுராய் 2022 ஆகஸ்டில் யூடியூபில் ஆட்ட உருவாக்கம் பற்றிப் பேசத் தொடங்கியபோது, ஆரம்ப நாட்களிலேயே இதற்கு ஒரு பகுதியை ஒதுக்கினார். அடியின் கனம் நமக்கு உறைப்பது இந்த நிறுத்தத்தால்தான். கயோட்டி பாறை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்று நம்மைப் பார்க்குமே, பிறகுதான் விழுமே, அந்த நிறுத்தம்தான் இது.

கார்ட்டூனில் அந்த நிறுத்தம் சிரிப்பதற்கு. ஆட்டத்தில் அது முடிவெடுப்பதற்கு. உறைந்து நிற்கும் அந்தச் சில ஃபிரேம்கள் முடியும்போது கண்ட்ரோலரின் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அதைப் பொறுத்துப் பறக்கும் திசை சற்றே வளையும். ஸ்மாஷ் தொடரில் இந்த வளைவு அதிகபட்சம் சுமார் 18 டிகிரி. டி.ஐ. என்று இரண்டெழுத்தில் சொல்வார்கள். பறக்கும் திசைக்குச் செங்குத்தாக ஸ்டிக்கைச் சாய்த்தால் வளைவு அதிகம். பறக்கும் திசையிலேயே சாய்த்தால் எந்தப் பயனும் இல்லை. ஸ்பாஞ்ச்பாப் பக்கவாட்டில் எறியப்படுகிறான் என்றால், பக்க எல்லைக்கு நேராகப் போகாமல் மேல் மூலையை நோக்கித் திரும்ப வேண்டும். மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது மூலைதான். பாதை நீண்டால் வேகம் அதற்குள் தணிந்துவிடும். எல்லைக்கு ஒரு சாண் உள்ளே பறப்பது நின்றுவிடும். அடி விழுந்தது விழுந்ததுதான். அடியின் விளைவில் ஒரு பகுதி மட்டும் இன்னும் பட்டவன் கையில் இருக்கிறது. தமிழில் இதற்கு ஒரு நல்ல கலைச்சொல் அமையவில்லை என்றாலும், இந்த வகை ஆட்டத்தின் மிக அழகான கண்டுபிடிப்பு என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

புதிதாக ஆடுகிறவர்கள் இந்த இடத்தில் கண்ட்ரோலரை விட்டுவிடுகிறார்கள். அடி பட்டதும் விரல் தளர்ந்துவிடும். 'போச்சு' என்று ஒரு பெருமூச்சு. திரையில் ஸ்பாஞ்ச்பாப் இன்னும் பறந்துகொண்டிருப்பான், ஆடுகிறவர் அதற்குள் அடுத்த உயிருக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். ஆட்டம் அவருக்குக் கொடுத்த வாய்ப்புகளில் பாதியை அந்தப் பெருமூச்சில் தொலைத்துவிடுகிறார்.

பெருமூச்சு விடாதவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மேடைக்கு வெளியே தூக்கி எறியப்பட்டதும் பதறிப்போய் இரண்டாவது தாவலைச் செலவழித்துவிடுவார்கள். பாத்திரங்களால் பொதுவாகக் காற்றில் இன்னொரு முறை தாவ முடியும். அதன்பின் மேல்நோக்கிச் செல்லும் தனி வித்தை ஒன்றும் கைவசம் இருக்கும். மேடைக்குத் திரும்ப இவையே மூலதனம். கபடியில் பாடிப்போகிறவனுக்கு எதிரணியைத் தொடுவது பாதி வேலை. மூச்சை மிச்சம் வைத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்புவது மீதி வேலை. இங்கும் மூச்சுக்கணக்கு அதுவே. எறியப்பட்ட உயரத்திலேயே தாவலைச் செலவழித்தவனுக்குக் கீழே இறங்கியபின் ஒன்றும் மிஞ்சாது. எதிராளி விளிம்பில் நின்று, அவன் எந்தப் பாதையில் வருவான் என்பதை எளிதாகக் கணித்துவிடுவார். தாவலைக் கையில் வைத்துக்கொண்டு சற்றே விழ விட்டவனுக்குப் பல பாதைகள் திறந்திருக்கும்: மேலாக வரலாம், விளிம்பைப் பற்றலாம், கீழாக வந்து ஏறலாம், இன்னும் கொஞ்சம் தாமதிக்கலாம். விளிம்பில் நிற்பவர் இப்போது ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் அவர் வீசிய அடியின் அடங்கலில் இவன் மேடை ஏறிவிடுவான்.

மல்டிவெர்சஸ் செய்தவர்கள் இந்த இடத்தில் புதியவர்களிடம் கருணை காட்டினார்கள். அங்கே விளிம்பைப் பற்றித் தொங்குவது கிடையாது. மேடையின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மறுபடி தாவலாம். காற்றில் வித்தைகளையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதனால் திரும்பி வருவது எளிது, கடைசிவரை துரத்திச் சென்று தள்ளிவிடுவது கடினம். எனக்கு விளிம்பு உள்ள ஆட்டமே பிடிக்கும். விளிம்பில் நடப்பது இருவரின் துணிச்சலையும் கேட்கிறது.

தரையில் நடப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடி, தடுப்பு, பிடி மூன்றும் ஒன்றையொன்று வெல்லும்: தடுப்பு அடியை வெல்லும், பிடி தடுப்பை வெல்லும், அடி பிடியை வெல்லும். இது பெரும்பாலான சண்டை ஆட்டங்களுக்குப் பொது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதன் வலு குறையும். மல்டிவெர்சஸிலும் ஸ்மாஷிலும் இந்த விதி உண்டு. ஒரே வேடிக்கையை ஒரே படத்தில் பலமுறை காட்டக் கூடாதென்று கார்ட்டூன் எழுத்தாளர்களுக்கும் தெரியும்.

அசைவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. 2001இல் வந்த ஸ்மாஷ் மெலீ ஆட்டத்தில், தாவிய அடுத்த கணமே தரையை நோக்கிச் சாய்வாகக் காற்றில் விலகினால், பாத்திரம் தரையில் வழுக்கிக்கொண்டே நகரும். முகம் முன்னோக்கி இருக்க, உடல் பின்னாலும் போகலாம். இதை வேவ்டேஷ் என்பார்கள். ஆட்டத்தோடு வந்த கையேட்டில் இது இல்லை. ஆடுகிறவர்கள் கண்டெடுத்துப் பழகினார்கள். இதில் தேர்ந்தவருக்கும் தேராதவருக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்தது. சகுராய்க்கு இதில் உடன்பாடில்லை. புதியவர்கள் நசுங்கக் கூடாதென்றுதானே அவர் தொடங்கியது? 2008இல் வந்த அடுத்த ஆட்டத்தில் அதை எடுத்துவிட்டார். போதாக்குறைக்கு, ஓடத் தொடங்கும்போது எப்போதாவது பாத்திரம் தானாகத் தடுக்கி விழும்படியும் செய்தார். அவர் நோக்கம் எனக்குப் புரிகிறது. அந்தத் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. கற்றவனைத் தடுக்கி விழவைப்பதால் கல்லாதவன் எழுவதில்லை. நிக்கலோடியன் ஆட்டத்தில் லூடோசிட்டி வேறு வழியைத் தேர்ந்தது. காற்றில் எந்தத் திசையிலும் பாயும் அசைவை எல்லோருக்கும் தெரியும்படி ஆட்டத்தின் நடுவிலேயே வைத்தது. தரையை நோக்கிப் பாய்ந்தால் வழுக்கும். கூடவே, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் முகத்தை ஒரே பக்கம் வைத்திருக்க ஒரு பட்டன். மறைந்து கிடந்த வித்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் பொதுவாக்கியது. இதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஆட்டம் வெளிவந்தபோது பாத்திரங்களுக்குக் குரல் இல்லை. ஸ்பாஞ்ச்பாபின் சிரிப்பே இல்லாமல் ஸ்பாஞ்ச்பாபா என்று பலர் வருந்தினார்கள். 2022 ஜூனில் குரல்கள் சேர்ந்தன. குரல் அலங்காரம் மட்டும் அல்ல. ஓர் அடிக்கு முன் எழும் சத்தம் கண்ணுக்குத் தப்பியதைக் காதுக்குச் சொல்லும். ஆனாலும் குரலில்லாத அந்த மாதங்களில் ஆடியவர்கள் உடலை மட்டுமே வைத்துப் படிக்கப் பழகினார்கள். டாமும் ஜெர்ரியும் பேசாமலே நம்மை எத்தனை ஆண்டுகள் சிரிக்க வைத்தார்கள் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மல்டிவெர்சஸில் டாமும் ஜெர்ரியும் சேர்ந்து ஒரே பாத்திரம். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பூனையும் எலியும் சூப்பர்மேனோடு எப்படிச் சண்டை போடும்? செய்தவர்கள் அதற்குக் கண்ட விடை அற்புதமானது. டாம் சூப்பர்மேனை அடிப்பதே இல்லை. டாம் ஜெர்ரியை அடிக்கிறது. ஜெர்ரி தப்பிக்கிறது, திருப்பி அடிக்கிறது. இடையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அடி விழுகிறது. அந்தத் துரத்தலை நீங்கள் ஓட்டுகிறீர்கள். ஜெர்ரியை ஓரிடத்தில் நிறுத்தி, டாமை வேறிடத்துக்குக் கொண்டுபோய், இருவருக்கும் நடுவில் எதிராளி வரும்படி செய்வதுதான் அந்தப் பாத்திரத்தின் நுட்பம். அது இருவர் இருவராக ஆடுவதற்கென்று அமைந்த ஆட்டம். ஆகவே ஜெர்ரியைக் கூட்டாளியோடு ஒட்டிவிடவும் முடியும். வொண்டர் வுமன் தன் கயிற்றால் கூட்டாளியை இழுத்துக் காப்பாற்றுவாள். பக்ஸ் பன்னி தோண்டும் சுரங்கத்தில் கூட்டாளியும் புகுந்து போகலாம். வெல்மா சண்டைக்கு நடுவே துப்பு சேகரித்துக்கொண்டிருப்பாள். ஒருவரின் குணமே அவர் ஆடும் முறையாக மாறியது. அந்தக் கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கையேடே தேவையில்லை. முயல் என்றால் தோண்டும் என்பது தெரிந்ததுதானே.

அந்த ஆட்டம் இன்று இணையத்தில் இல்லை. 2022 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் மூடி, 2024 மே மாதம் மறுபடி திறந்தார்கள். 2025 மே 30 அன்று சர்வர்களை நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். முன்பே பதிவிறக்கி வைத்திருப்பவர்கள் வீட்டுக்குள் ஆடிக்கொள்ளலாம். புதிதாக ஒருவரால் பெற முடியாது. ஜெர்ரியை எங்கே நிறுத்துவது என்று மாதக்கணக்கில் பழகிய பிள்ளைகளின் கைத்தேர்ச்சிக்கு இப்போது போக்கிடம் இல்லை. எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. 2001இன் மெலீ ஒரு சிறு வட்டில் வந்தது. வட்டு கையில் இருப்பதால் இன்றும் அதை ஆடுகிறார்கள், புதியவர்கள் கற்கிறார்கள், பழையவர்கள் இன்னும் புதிதாக எதையாவது கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கலையைக் கற்பிக்க அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நாளை இங்கிருந்து ஆட்டம் செய்யப் போகும் மாணவர்கள், இணையம் இல்லாமலும் இயங்கும் ஒரு பிரதியை ஆடுகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கற்கும் வரிசையைப் பற்றிக் கடைசியாகச் சில வார்த்தைகள். எல்லோரும் காம்போவில் தொடங்குகிறார்கள், அதாவது விடாமல் தொடுக்கும் அடிகளில். நான் தலைகீழாகச் சொல்லிக்கொடுப்பேன். முதலில் நகர்வது: குட்டையாகத் தாவுவது, வேகமாக இறங்குவது, நிற்க நினைத்த இடத்தில் நிற்பது. பிறகு விழுவது: அடி பட்ட கணத்தில் ஸ்டிக்கைச் சாய்க்கக் கை பழக வேண்டும். பிறகு திரும்புவது. நான்காவதாகத்தான் அடிப்பது, அப்போதும் எதிராளி தவறவிட்ட அடியின் அடங்கலில் ஒரே ஓர் அடி. காம்போ தானாக வந்து சேரும். பாத்திரத்தை அடிக்கடி மாற்ற வேண்டாம். கனமானவர்கள் எளிதில் எல்லை தாண்ட மாட்டார்கள், ஆனால் பெரிய உடலில் தொடர்ந்து அடி வாங்குவார்கள். லேசானவர்கள் நழுவுவார்கள், சீக்கிரம் பறந்துவிடுவார்கள். யாரைப் பிடித்திருக்கிறதோ அவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த கார்ட்டூன் பாத்திரத்தின் உடலை நீங்கள் ஏற்கெனவே பாதி படித்து வைத்திருப்பீர்கள்.

பக்கத்து அறையில் நான்கு கண்ட்ரோலர்களோடு நிக்கலோடியன் ஆட்டம் தயாராக இருக்கிறது. பெற்றோர்களும் வாருங்கள். முதல் சுற்றில் யாரும் யாரையும் அடிக்க வேண்டாம். மேடை விளிம்பிலிருந்து வெளியே குதியுங்கள், இரண்டாவது தாவலைத் தொடாமல் எவ்வளவு தூரம் விழ முடிகிறது என்று பாருங்கள், திரும்பி வாருங்கள். அது கைக்கு வந்தபின் அடுத்த சுற்றுக்குப் போவோம்.